வீட்டைப் புதுப்பிக்க கொட்டேஷன் வாங்குவது எப்படி? முதல்முறை இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் குளியலறையையும் சமையலறையையும் புதுப்பிக்க விலை கேட்டபோது, ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப்போல் இரண்டு மடங்காக இருந்தது. குறைவாகச் சொன்னவரை நம்புவதா, அதிகமாகச் சொன்னவர் கூட்டிச் சொல்கிறாரா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். எல்லாத் தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, வரி வரியாகப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒருவர் பழைய டைல்ஸைப் பெயர்த்து அகற்றும் கூலியைச் சேர்த்திருந்தார். இன்னொருவர் பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டுவதாகக் கணக்குப் போட்டிருந்தார். மற்றொருவரின் தாளில் வாட்டர்ப்ரூஃபிங் (நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) என்ற சொல்லே இல்லை. ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்து ஆளுக்கொரு விலை சொல்லியிருந்தார்கள்.

விலை கேட்பதில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. என்ன வேலை என்பதை நாம் எழுதிக் கொடுக்காவிட்டால், வருகிறவர் தன் ஊகத்துக்குத்தான் விலை சொல்வார். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் படிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை எளிது.

1. யாரையும் கூப்பிடும் முன் வேலையை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல்களின் அளவு, எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து குறியுங்கள். அடியா, மீட்டரா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, எல்லோருக்கும் ஒரே அலகில் கொடுங்கள். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 10.76 சதுர அடி. ஒருவர் சதுர மீட்டருக்கும் இன்னொருவர் சதுர அடிக்கும் விலை சொன்னால், பார்த்த மாத்திரத்தில் எது மலிவு என்று தெரியாது.

அடுத்து, என்ன செய்ய வேண்டும் என்பதை வாக்கியமாக எழுதுங்கள். ‘குளியலறை புதுப்பிப்பு’ என்று எழுதுவதில் பயன் இல்லை. இப்படி எழுத வேண்டும்:

‘குளியலறைச் சுவரிலும் தரையிலும் உள்ள பழைய டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். தளர்ந்த பூச்சை உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். தரை முழுவதும், ஷவர் பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கும் வாட்டர்ப்ரூஃபிங். டைல்ஸ் ஒட்டும் முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதனை. அதன் பிறகு டைல்ஸ், சுவரில் கூரை வரை. டைல்ஸ் நாங்கள் வாங்கித் தருவோம். ஒட்டும் பசை, க்ரௌட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை), மூலைப் பட்டை உங்கள் பொறுப்பு. இடிபாட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் உங்கள் பொறுப்பு.’

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு செலவு. எதை எழுதாமல் விடுகிறீர்களோ அது பாதி வேலையில் ‘இது நம்ம கணக்குல இல்லையே சார்’ என்று திரும்பி வரும். முக்கியமாக இடிபாடு அகற்றுவதை மறக்காதீர்கள். பெயர்த்துப் போட்ட டைல்ஸும் பூச்சும் மூட்டை மூட்டையாகச் சேரும். மேல் மாடியில் இருந்தால் இறக்கும் கூலியே தனிக் கணக்காகிவிடும்.

மின்வேலைக்கு ஒவ்வொரு அறையிலும் எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி, எத்தனை பிளக் பாயின்ட், எந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று ஒரு படமாக வரைந்துவிடுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. கீசர், ஏசி, மின்னடுப்பு போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் பொருள்களைத் தனியாகக் குறியுங்கள். அவற்றுக்குத் தடித்த வயரும் தனி இணைப்பும் வேண்டியிருக்கும். விலை அங்கேதான் ஏறும்.

கடைசியாக இரண்டு பட்டியல்கள். ‘இப்போதே செய்ய வேண்டியவை’ ஒன்று, ‘தொகை ஒத்து வந்தால் செய்யலாம்’ இன்னொன்று. பேரம் பேசும்போது இந்த இரண்டாவது பட்டியல் பெரிய துணை. ஏன் என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

2. சுவரை இடிப்பதாக இருந்தால் முதலில் கட்டமைப்புப் பொறியாளர்

எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பதைத் தட்டிப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ‘ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன்’ என்று எவ்வளவு அனுபவசாலி சொன்னாலும், தூண், பீம், பாரச் சுவர் ஆகியவற்றைத் தொடும் வேலைக்குப் பொறியாளர் எழுத்தில் கொடுத்த கருத்து வேண்டும். அதற்கு ஆகும் கட்டணத்தைத் தயங்காமல் கொடுங்கள்.

அனுமதி விஷயத்தையும் இப்போதே முடியுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதி தேவையா, அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டுமா, எந்த நேரத்தில் சத்தம் வரும் வேலை செய்யலாம், லிஃப்டில் சிமென்ட் மூட்டை ஏற்றலாமா என்று கேட்டுவிடுங்கள். விண்ணப்பிப்பது யார், கட்டணம் யாருடையது என்பதும் கொட்டேஷனில் வர வேண்டும்.

பழைய வீடு என்றால் இன்னொன்று. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த கூரைத் தகடு அல்லது பழைய தரை ஓடு, ஈயம் கலந்த பழைய பெயின்ட் இவை இருக்கக்கூடும் என்று சந்தேகம் வந்தால், உடைக்கவோ உரசவோ விடாதீர்கள். அந்தத் தூசி வேலை செய்பவருக்கும் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் கெடுதல். சோதித்துப் பார்த்து, அதற்கென்று பயிற்சி பெற்றவரை வைத்து அகற்ற வேண்டும்.

3. மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று கொட்டேஷன் போதும். ஒன்று வாங்கினால் ஒப்பிட எதுவும் இல்லை. ஏழெட்டு வாங்கினால் படிக்கவே முடியாது, வந்தவர்களின் நேரமும் வீண்.

மொத்த வேலையையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் விடுவதா, கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர் என்று தனித்தனியாக அமர்த்துவதா? தனித்தனியாக அமர்த்தினால் ஒப்பந்ததாரரின் பங்கு மிச்சமாகும். ஆனால் யார் எப்போது வர வேண்டும் என்பதை நீங்களே நின்று ஒருங்கிணைக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரில் ஈரம் தெரிந்தால் பிளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். ஒரே ஒரு அறை, ஒரே வகை வேலை என்றால் தனியாக அமர்த்துங்கள். குளியலறையும் சமையலறையும் சேர்ந்த வேலை என்றால், பகலில் வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கு ஒரே பொறுப்பாளர்தான் நல்லது என்பது என் கருத்து.

ஆளைத் தேடும்போது முடிந்து ஓராண்டாவது ஆன வேலையைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று முடிந்த குளியலறை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கண்ட பிறகு க்ரௌட் கறுத்திருக்கிறதா, மூலையில் விரிசல் விட்டிருக்கிறதா, கீழ்த்தளக் கூரையில் ஈரக் கறை உண்டா என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும்: ‘வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு, ஏதாவது பழுது என்று கூப்பிட்டால் வந்தாரா?’

மின்வேலைக்கும் எரிவாயுக் குழாய் வேலைக்கும் உரிமம் உள்ளவரை மட்டும் அழையுங்கள். உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். வேலைசெய்யும்போது யாருக்காவது அடிபட்டால் காப்பீடு இருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

4. வந்து பார்க்கும்போது கூடவே இருங்கள்

தொலைபேசியில் சொல்லும் விலையையோ, புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லும் விலையையோ கணக்கில் எடுக்காதீர்கள். நேரில் வர வேண்டும், அளக்க வேண்டும். வந்து பார்க்கக் கட்டணம் உண்டா, வேலையைக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வாரா என்று கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்று பேருக்கும் அதே தாளின் நகலைக் கொடுங்கள். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் வேறொன்று என்று வாய்வழியாகச் சேர்க்காதீர்கள். யாராவது நல்ல யோசனை சொன்னால், தாளில் திருத்தி மற்ற இருவருக்கும் அனுப்புங்கள்.

ஒருவர் வேலை தெரிந்தவரா என்பதை அவர் பார்க்கும் விதத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மேஸ்திரி, பேசத் தொடங்கும் முன் சுத்தியலின் கைப்பிடியால் குளியலறைத் தரையை அங்கங்கே தட்டிக் கேட்டார். ஓரிடத்தில் டொக் டொக்கென்று பொள்ளல் சத்தம் வந்தது, உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுப் பக்கம் ஊற்றி, அது வடிகாலுக்கு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். தண்ணீர் நடுவிலேயே நின்றது. ‘வாட்டம் சரியில்ல சார், டைல்ஸை மட்டும் மாத்தினா போதாது, தரையை ஏத்தி வடிகால் பக்கம் சரிவு கொடுக்கணும்’ என்றார். அவர் சொன்ன தொகை மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் அந்த அதிகத்துக்குக் காரணம் என் கண் முன்னாலேயே தேங்கி நின்றது. நடுவில் நின்று கையை வீசிக் காட்டிவிட்டு உடனே தொகை சொல்பவரிடம் இப்படிப்பட்ட தகவல் எதுவும் கிடைக்காது.

வந்து பார்க்கிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில. வேலையை அவரே செய்வாரா, ஆள் அனுப்புவாரா? அனுப்பினால் தினமும் மேற்பார்வை யார்? ஒரே நேரத்தில் வேறு எத்தனை இடத்தில் வேலை ஓடுகிறது? எப்போது தொடங்க முடியும்? ‘இந்த வேலையில் எதெல்லாம் சேராது?’ என்ற கேள்வியை மறக்கவே மறக்காதீர்கள். என்ன சேரும் என்று எல்லோரும் சொல்வார்கள். என்ன சேராது என்பதில்தான் பின்னால் சண்டை வரும்.

மொத்தத் தொகையில் எவ்வளவு செலவழிக்கத் தயார் என்பதை முதல் சந்திப்பில் சொல்லத் தேவையில்லை. ஆனால் பொருளின் தரத்தைச் சொல்லிவிடுங்கள். எந்த வகைக் குழாய், எந்த வகைப் பிளைவுட் என்று தெரியாமல் யாராலும் நேர்மையாக விலை போட முடியாது.

5. தாளில் என்னென்ன இருக்க வேண்டும்

வந்து பார்த்தபின் விவரமான கொட்டேஷன் தர ஒன்றிரண்டு வாரம் கேட்டால் கொடுங்கள். பொருள் விலையை விசாரித்துக் கணக்குப் போட அவருக்கும் நேரம் வேண்டும். வரும் தாளில் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

வேலை செய்பவரின் முழுப் பெயர், முகவரி, பதிவு எண் இருந்தால் அது. தேதி, இந்த விலை எதுவரை செல்லும் என்ற கெடு. வேலை வாரியாக அளவு, அலகு விலை, தொகை. கூலி தனி, பொருள் தனி. பொருளின் பிராண்ட், மாடல், தடிமன். வரி சேர்த்தா, சேர்க்காமலா. தொடங்கும் நாள், முடியும் நாள். பணம் கொடுக்கும் கட்டங்கள். பழுது வந்தால் எத்தனை காலம் இலவசமாகச் சரிசெய்வார். எதெல்லாம் சேராது.

அது உறுதியான விலையா, உத்தேசமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உத்தேசம் என்றால் வேலை முடியும்போது தொகை மாறலாம். பெயர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற வேலைகளுக்கு (சுவருக்குள் ஓடும் பழைய குழாய், கரையான் அரித்த மரம்) உத்தேசத் தொகை போடுவது நியாயம்தான். ஆனால் கூடுதலாக ஆனால் மீட்டருக்கு அல்லது அடிக்கு இவ்வளவு என்று விலையை இப்போதே எழுதி வாங்குங்கள். சுவரைப் பெயர்த்துப் போட்ட பிறகு பேரம் பேசும் பலம் நமக்கு இருக்காது.

6. வரி வரியாக ஒப்பிடுங்கள்

கீழே உள்ள மொத்தத் தொகையைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குங்கள். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, இடது பக்கம் உங்கள் வேலைப் பட்டியல், பக்கத்தில் மூவருக்கும் ஒவ்வொரு பத்தி. யாருடைய பத்தியில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அதைப் போன் செய்து கேட்டு நிரப்புங்கள். இந்த ஒரு வேலையிலேயே பெரும்பாலான வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்:

‘முதல் தரம்’, ‘நல்ல கம்பெனி’, ‘தேவையான அளவு’ ஆகிய சொற்களுக்கு எந்த அர்த்தமும் இல்லை. பெயரும் அளவும் கேளுங்கள்.

டைல்ஸில் வெட்டுச் சேதாரம் உண்டு. நேராக ஒட்டினால் சுமார் 10 சதவீதம், மூலைவாட்டாக ஒட்டினால் 15 சதவீதம் வரை கூடுதலாக வாங்க வேண்டும். ஒருவர் அதைச் சேர்க்காமல் குறைவாகக் காட்டியிருக்கலாம்.

பெயின்டில் எத்தனை கோட், பட்டி பார்ப்பது (சுவரின் மேடுபள்ளத்தை நிரப்பிச் சமன்படுத்துவது) உண்டா, ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உண்டா என்று பாருங்கள். ‘பெயின்டிங்’ என்று மட்டும் எழுதியவர் ஒரு கோட்டோடு நிறுத்தலாம்.

சுவர் வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கதவு, ஜன்னல் பரப்பைக் கழித்தாரா என்று கேளுங்கள். அலமாரி வேலையில் முகப்பை மட்டும் அளந்தாரா, உள் தட்டுகளையும் சேர்த்தாரா என்பதும் முக்கியம். அலகு விலை ஒன்றாகவே இருந்தாலும் அளக்கும் முறையில் தொகை எங்கேயோ போய்விடும்.

ஒருவர் மட்டும் மற்ற இருவரைவிட மிகவும் குறைவாகச் சொன்னால் சந்தோஷப்படும் முன் காரணம் கேளுங்கள். ‘ஆள் என்கிட்டயே இருக்காங்க, வெளியிலிருந்து எடுக்கிறதில்ல’ என்றால் அது காரணம். ‘நீங்க கவலைப்படாதீங்க, பார்த்துப் பண்ணிக்கலாம்’ என்றால் அது காரணம் இல்லை.

7. பேரம் பேசுங்கள், ஆனால் கூலியை நெரிக்காதீர்கள்

ஒருவருடைய கொட்டேஷனை இன்னொருவரிடம் காட்டி விலை குறைப்பது சரியல்ல. அவர் நேரம் செலவழித்துப் போட்ட கணக்கு அது. ‘இந்த வரிக்கு மற்றவர்கள் குறைவாகச் சொல்கிறார்கள், உங்கள் கணக்கில் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?’ என்று பெயர் சொல்லாமல் கேட்கலாம்.

தொகை கைமீறினால் வேலையைக் குறையுங்கள். முதல் படியில் போட்ட இரண்டாவது பட்டியல் இதற்குத்தான். டைல்ஸைக் கூரை வரை ஒட்டாமல் கதவு உயரத்தோடு நிறுத்தலாம், அலமாரியின் உள் தட்டுக்கு எளிய பொருளைப் போடலாம், கூரைப் பெயின்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். கூலியை மட்டும் அடித்துக் குறைத்தால் அவர் அதை எங்காவது ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடமாகத்தான் இருக்கும்: வாட்டர்ப்ரூஃபிங்கில் ஒரு கோட் குறையும், கலவையில் சிமென்ட் குறையும்.

முடிவு செய்ததும் மற்ற இருவருக்கும் அன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடுங்கள். உங்களுக்காக நாள் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிற்பாடு அவர்களில் ஒருவரை நீங்கள் கூப்பிட வேண்டியும் வரலாம்.

8. பணம் கொடுக்கும் கட்டங்கள்

வேலை எப்போதும் பணத்துக்கு ஒரு படி முன்னால் இருக்க வேண்டும். முன்பணமாக 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பொருள் வாங்க வேண்டும் என்றால், ‘கடையில் நானே நேராகக் கட்டிவிடுகிறேன், பில் என் பெயரில் இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கட்டங்களை நாள் கணக்கில் போடாதீர்கள், முடிந்த வேலையின் கணக்கில் போடுங்கள். ‘இரண்டாவது வாரம்’ என்பதைவிட ‘குழாய் பதித்து அழுத்தச் சோதனை முடிந்ததும்’ என்பது மேல். கடைசி 5 முதல் 10 சதவீதத்தை எல்லாக் குறையும் சரிசெய்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள்.

உங்கள் பக்கம், எதிர்பாராத செலவுக்காக மொத்தத் தொகைக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். வீடு எவ்வளவு பழையதோ அவ்வளவு அதிகம்.

9. கால அளவை நம்பத்தக்கதாகப் போடுங்கள்

சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் காய்கிற நேரத்தைக் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள். சிமென்ட் பூச்சைக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். புதுப் பூச்சு நன்றாக உலர்ந்து பெயின்ட் ஏற்க நாலு வாரம்போல ஆகும். ஈரத்தோடு அடித்தால் கொப்பளித்து உரிந்துவிடும். வாட்டர்ப்ரூஃபிங் காயவும் தண்ணீர் தேக்கிப் பார்க்கவும் தனி நாள்கள் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாக்குக் கொடுத்த தேதி நடக்குமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

டைல்ஸ், குழாய், பேசின் ஆகியவை வீடு வந்து சேரும் முன் எதையும் இடிக்க விடாதீர்கள். இடித்துப் போட்டுவிட்டு டைல்ஸ் வரும் என்று காத்திருப்பது, குளியலறை இல்லாத வீட்டில் குடியிருப்பதில் போய் முடியும். அதுவும் வீட்டில் ஒரே ஒரு குளியலறை இருந்தால், வேலை நாள்களில் எங்கே குளிப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள்.

10. மாற்றம் வந்தால் செய்யும் முன் எழுதுங்கள்

வேலை நடக்கும்போது ‘இங்கே ஒரு பிளக் பாயின்ட் சேர்த்தால் நன்றாயிருக்கும்’ என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால், ‘அதற்கு எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும்?’ என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, அவர் சரி என்று சொன்ன பிறகு செய்யச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் உத்தரவு கொடுங்கள். காலையில் கணவர் ஒன்று, மாலையில் மாமியார் ஒன்று என்று சொன்னால் வேலையும் கெடும், கணக்கும் கெடும்.

சுவரை மூடும் முன், உள்ளே ஓடும் குழாயையும் வயரையும் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு அலமாரியை மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் குழாயைக் காப்பாற்றும்.

முடிந்ததும் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு அறையாக அவரோடு சேர்ந்து நடங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள், ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள், தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வாட்டம் பாருங்கள், டைல்ஸை விரலால் தட்டிப் பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். குறைகளை ஒரு தாளில் எழுதி, முடிக்கும் தேதி போட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். பொருள்களின் பில், வாரன்டி அட்டை, மீந்த டைல்ஸில் ஒரு பெட்டி, பெயின்டின் ஷேடு எண் இவற்றை வாங்கி ஒரே இடத்தில் வைத்துவிட்டு, அந்தத் தாளில் உள்ள கடைசி வரி அடிக்கப்பட்ட அன்று மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள்கூட இழுத்தடிக்காதீர்கள்.